கூட்டம் நடக்கும் இடம் எது?

மதுவைப் பற்றி நம் மாநிலத்தில் நிகழ்ந்துவரும் வாதப்பிரதிவாதம் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாகக் கடையின் கதவைச் சுற்றியே நிகழ்ந்துவருகிறது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது அந்தக் கதவு மூடப்பட்டது, 1971இல் திறக்கப்பட்டது, 1974இல் மறுபடியும் மூடப்பட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் மறுபடியும் திறக்கப்பட்டது, 1983இல் டாஸ்மாக் என்னும் அரசுக் கழகம் தோன்றி மொத்த வியாபாரத்தை ஏற்றுக்கொண்டு, 2003இன் இறுதியில் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தத் தலைப்பட்டது, 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் 500 கடைகள் வீதம் மூடப்பட்டன. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, கடையை மூட வேண்டும் என்போரும், மூடினால் கள்ளச்சாராயம்தான் பெருகும் என்போரும், அந்த ஒரே துயரத்தைத் தத்தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டினார்கள். இந்த விவாதம் வீணானது என்பது என் அபிப்பிராயமன்று. கடைகள் குறைய வேண்டும் என்று வீதிக்கு வருகிற பெண்களின் பக்கமே என் மனம் சாய்கிறது. ஆயினும், கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் விடையில்லாமலே கிடக்கிற வேறொரு கேள்வி உண்டு. அதை எழுப்புவோர் மிகச் சிலர்.

இனிக் குடிக்கவே கூடாது என்று ஒரு விடியற்காலையில் நெஞ்சார நினைக்கிற மனிதர் ஒருவர் ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். முந்தைய இரவு நடந்தவற்றில் பாதி மட்டுமே ஞாபகத்தில் இருக்க, விரல்கள் நடுங்க, மனைவியின் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கக் கூசி, பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை தம்மைக் கடந்து ஓசைப்படாமல் போவதைக் கண்டும் காணாதவர்போல் உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தில் அவர் கொள்ளுகிற சங்கற்பம் பொய்யன்று. மாலை ஆறு மணிக்கு அது குலைந்துவிடுகிறது என்பதால், காலையில் அது இருக்கவே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது அநியாயம். அப்படிப்பட்ட மனிதர், தம்மைப்போலவே தவித்து, விழுந்து, எழுந்து, இப்போது குடிக்காமல் வாழ்ந்துவருகிறவர்களைப் பார்க்க விரும்பினால், அவர்கள் எந்த இடத்தில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள் என்று அவருக்குச் சொல்லக்கூடியவர் அந்த ஊரில் யார் இருக்கிறார்? மதுக்கடைக்கு வழி கேட்டால் சிறுபிள்ளையும் சொல்லிவிடும். இதற்கு வழி சொல்ல ஆளில்லை.

இந்த நோய்க்கு நம் ஜனங்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்ட சிகிச்சைகள் சில உண்டு. படித்தவர்கள் அவற்றை ஏளனம் செய்வது வழக்கம். அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொள்ளும் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். குவார்ட்டர் இல்லாமல் ஒரு மாலைப்பொழுதும் கழிந்தறியாத மனிதர், கறுப்பு வேட்டி கட்டி, இருள் பிரியுமுன் தண்ணீரில் மூழ்கி எழுந்து, செருப்பில்லாமல் நடந்து, 41 நாளும் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்துவிடுகிறார். "சாமிக்குப் பயந்து இருக்கத் தெரிகிறது, எங்களுக்காக இருக்க முடியவில்லையே" என்று வீட்டார் மனம் நோகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் அவர்கள் கவனத்துக்கு வராமற்போகிற ஒரு விசேஷம் அதில் இருக்கிறது. அந்த 41 நாளும் அந்த மனிதர் தனியாக இல்லை. குருசாமி ஒருவர் இருக்கிறார். அவர் பல ஆண்டுகள் மலைக்குப் போய்வந்தவர், விரதத்தின் எந்தக் கட்டத்தில் மனம் தளரும் என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்தவர். மாலை வேளையில் பஜனைக்கென்று கூடுகிற பத்துப்பேர் இருக்கிறார்கள். முன்பு எந்த நேரத்தில் கால் கடைப்பக்கம் திரும்பிற்றோ அந்த நேரத்திலேயே பஜனையும் நடக்கிறது. நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டவர்கள் இன்று "சாமி" என்கிறார்கள். அவரும் மற்றவர்களைச் "சாமி" என்கிறார். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றுகிற அன்று இவ்வளவும் ஒரே நாளில் கலைந்துவிடுகின்றன. குருசாமி அடுத்த கார்த்திகைக்குத்தான் வருவார். பஜனை மடத்தின் விளக்கு அணைந்திருக்கும். ஆறு மணி மட்டும் வழக்கம்போல் வந்துவிடும். அந்த மனிதரிடமிருந்து பக்தி நீங்கிவிட்டது என்று வீட்டார் சொல்கிறார்கள். என் பார்வையில் நீங்கியது கூட்டம்தான்.

கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும், குழந்தையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்வதும் இத்தகையவையே. சத்தியம் தவறிய பிறகு வருகிற குற்ற உணர்ச்சியே மறுபடியும் குடிக்கத் தூண்டுகிறது என்பது தவிர அவற்றைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மாத்திரம் கண்டித்தே ஆக வேண்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்து நிறுத்திவிடலாம் என்று சுவர்களிலும் பேருந்துகளிலும் விளம்பரம் செய்யப்படுகிற மருந்துகளை நம்பி, நகையை அடகுவைத்து வாங்குகிற தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். டைசல்பிரம் என்ற மாத்திரை, வைத்தியர் மேற்பார்வையில் நோயாளி தாமே அறிந்து சம்மதித்து உட்கொள்ளும்போது சிலருக்குப் பயன்படுகிற நல்ல மருந்து. அதையே அறியாமல் உட்கொண்ட ஒருவர் அதன்மேல் மதுவைக் குடிப்பாரானால், முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே மோசம் வந்துவிடக்கூடும். இரகசிய வைத்தியத்தால் குடி நிற்பதில்லை; வீட்டுச் சாப்பாட்டின் மேலிருந்த நம்பிக்கைதான் போய்விடுகிறது.

குடியை விட முயல்வோர் தங்களுக்குள் கூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற ஸ்தாபனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நம்மிடையே பலர். அது எப்படிப் பிறந்தது என்பதை அறிந்தவர்கள் குறைவு. 1935 மே மாதத்தில், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்கு வியாபாரி, ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், எடுத்த காரியம் தோற்றுப்போய், கையில் போதிய பணமும் இல்லாமல், மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் குடியை விட்டு அப்போது ஐந்தாறு மாதமே ஆகியிருந்தது. ஒரு பக்கத்தில் மதுக்கூடத்தின் கலகலப்பு. இன்னொரு பக்கத்தில் ஊர்த் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். தாம் குடிக்காமல் தப்ப வேண்டுமானால், இந்த ஊரிலே இன்னொரு குடிநோயாளியைக் கண்டுபிடித்து அவரோடு பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியைச் சுழற்றினார். ஒருவர் மூலம் ஒருவராக விசாரித்து, ஹென்றியெட்டா சைபர்லிங் என்ற மாதரசியின் உதவியால் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவைச் சிகிச்சை வைத்தியரை அடைந்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது என்ற நிபந்தனையோடு வந்த அந்த வைத்தியர், ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். குடியின் கெடுதிகளை ஒரு வைத்தியருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தம் நிலையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் உபதேசம் செய்யாமல் தம் கதையைச் சொன்னதே அவரைக் கட்டிப்போட்டது. அதன் பிறகும் அவர் ஒருமுறை வழுக்கினார். வைத்தியர் மாநாடு ஒன்றுக்குப் போனவர் குடித்துவிட்டே திரும்பினார். அவர் கடைசியாகக் குடித்த நாள் ஜூன் 10. அந்த நாளையே ஸ்தாபனத்தின் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். வழுக்கி விழுந்த ஒருவரின் கடைசிக் குடியிலிருந்து ஆண்டுக் கணக்கைத் தொடங்குகிற ஸ்தாபனம் இதைத் தவிர வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஸ்தாபனத்தின் கூட்டங்களுள் வெளியாருக்கும் அனுமதியுள்ளவை அங்கங்கே நடப்பதுண்டு. அப்படிப்பட்ட ஒன்றில் ஓரமாக அமர்ந்து பார்க்க எனக்கு வாய்த்தது. ஊரையும் ஆட்களையும் அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதுவது தர்மமன்று. ஆகையால் கண்டவற்றுள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அது ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. சிறுவர்களுக்காகச் செய்த பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் பகலில் நடந்த வகுத்தல் கணக்கு அழிபடாமல் இருந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் எல்லோருக்கும் டம்ளரை நிரப்பிக் கொடுத்தார். அன்று முதல்முறையாக வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் பாதியே ஊற்றினார். கை நடுக்கத்தில் தேநீர் சிந்தி அவர் கூச்சப்படக் கூடாது என்பதற்காக என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. தாமும் ஒரு காலத்தில் அப்படிச் சிந்தியிராத ஒருவருக்கு அந்த யோசனை வந்திருக்காது.

ஒவ்வொருவராக எழுந்து, தம் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கிச் சில நிமிஷம் பேசினார்கள். யாரும் குறுக்கிடவில்லை; யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை; பேச விரும்பாதவரை வற்புறுத்தவும் இல்லை. முதியவர் ஒருவர், புட்டியைக் குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு வைத்திருந்ததையும், மகளின் கல்லூரிக் கட்டணத்தில் கைவைத்துவிட்டுத் தபாலில் தாமதம் என்று சாதித்ததையும், ஒரு கணக்குப்பிள்ளை பேரேட்டைப் படிப்பதுபோல் ஏற்ற இறக்கமின்றிச் சொன்னார். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த கதவோரத்து மனிதர் தண்ணீர்த் தொட்டி என்றதும் தலையை நிமிர்த்தினார். உலகத்தில் தாம் ஒருவரே செய்த ஈனச் செயல் என்று பல ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்த ஒன்றை, சலவை வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு, அமைதியாக உட்கார்ந்து தேநீரைக் குடிக்கிறார். வைத்தியரின் எச்சரிக்கையும் மனைவியின் கண்ணீரும் செய்யமுடியாத காரியத்தை அது செய்கிறது என்பதை அந்த முகத்தில் கண்டேன். பின்னர் ஒரு துணிப்பை கைமாறி வந்தது. நானும் பணம் எடுக்கப்போக, பக்கத்திலிருந்தவர், "வேணாங்க சார், இது எங்க செலவுக்கு நாங்களே போட்டுக்கறது" என்று மெல்லத் தடுத்துவிட்டார்.

அந்தத் தடை, 1950இல் இவர்கள் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளுள் ஒன்று. வெளியார் நன்கொடையை அவர்கள் ஏற்பதில்லை. வாடகையையும் தேநீர்ச் செலவையும் தாங்களே பகிர்ந்துகொள்கிறார்கள். உறுப்பினராவதற்கு வேண்டிய தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான். கட்டணம் இல்லை, சாதி மதம் கேட்பதில்லை, கையெழுத்து வாங்குவதில்லை. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பது போன்ற பொதுப் பிரச்சினைகளில் ஸ்தாபனம் எந்த அபிப்பிராயமும் சொல்வதில்லை. வந்தவர் இன்னார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது எல்லாவற்றிலும் முக்கியமான விதி. நம் ஊரில் ஒருவர் குடிப்பது ஊருக்கெல்லாம் தெரிந்தேயிருக்கிறது. அவர் அதை நிறுத்த முயல்கிறார் என்பது தெரிந்தால்தான் லஜ்ஜை வருகிறது. இது விசித்திரமானதாயினும் உண்மை. தோற்றுவிட்டால் சிரிப்பார்களே என்ற பயம் அதன் அடியில் இருக்கிறது. பெண்கள் விஷயத்தில் இந்தப் பயம் பன்மடங்கு. குடிக்கிற பெண்ணுக்கு நோயாளி என்ற இரக்கம்கூட நாம் காட்டுவதில்லையாதலால், அவர்களுக்கென்று தனிக் கூட்டங்கள் அவசியம் வேண்டும்.

இந்தச் சபைகளால் உண்மையில் பிரயோஜனம் உண்டா என்று சந்தேகிப்போர் உண்டு, சந்தேகிப்பது தவறன்று. 2020இல் காக்ரேன் அமைப்பு, 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்குகொண்ட 10,565 பேரின் விவரங்களையும் ஒன்றுசேர்த்து வெளியிட்ட மதிப்பீடு, நோயாளிகளை முறையாக இந்தச் சபைகளோடு இணைத்துவிடுகிற சிகிச்சை, குடியை முற்றாக விட்டு நிலைப்பதில் பிற மனநலச் சிகிச்சைகளைவிட மேம்பட்டதாகவே இருக்கிறது என்று கண்டது. இது எல்லோருக்கும் பொருந்தும் என்பது அதன் அர்த்தமன்று. குடியிலிருந்து மீள இந்தச் சபைகள் பின்பற்றுகிற பன்னிரண்டு படிகளில் கடவுளின் பேச்சு வருவதால் பகுத்தறிவு வழியில் நிற்பவர்கள் தயங்குகிறார்கள். அவரவர் புரிந்துகொண்டபடி என்று அந்தப் படிகளிலேயே இடம் விட்டிருப்பதால், கூடியிருக்கும் சபையையே தம்மைவிட உயர்ந்த சக்தியாகக் கொண்டு பல ஆண்டுகள் நிலைத்தவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒவ்வாதவர்கள் மனநல மருத்துவரோடும் ஆலோசகரோடும் நடக்கலாம். வழி பலவாக இருப்பதே நல்லது.

ஆனால் சபை வைத்தியத்துக்குப் பதிலாகிவிடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் ஒரே நாளில் நிறுத்திவிட்டால், சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கி, முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், இரண்டாம் மூன்றாம் நாளளவில் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றுகிற சித்தக் கலக்கமும் நேரக்கூடும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். தயமின் என்னும் வைட்டமின் குறைவால் மூளை கெட்டுப்போவதும் உண்டு. காலையில் எழுந்ததும் கை நடுக்கம் தீரக் குடிக்க வேண்டியிருக்கிற எவரும், மாலை போடுவதற்கு முன்னும், கயிறு கட்டுவதற்கு முன்னும், கூட்டத்துக்குப் போவதற்கு முன்னும், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடலிலிருந்து நஞ்சை இறக்கும் காரியம் அங்கே ஒரு வாரம் பத்து நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற ஆயிரம் மாலைப்பொழுதுகளை மருத்துவமனையால் கவனித்துக்கொள்ள முடியாது. அவற்றுக்குத்தான் சபை வேண்டியிருக்கிறது.

அந்தச் சபையைக் கண்டுபிடிப்பதில்தான் காரியம் தடைப்படுகிறது. 2019இல் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் மதுப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுவோர் ஏறக்குறைய 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையாகிவிட்டவர்களுள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சையோ உதவியோ பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்களெல்லாம் திருந்த மனமில்லாதவர்கள் என்று நான் நம்ப மறுக்கிறேன். பெயரை வெளியிடாத ஸ்தாபனம் தன் இருப்பையும் உரத்துச் சொல்வதில்லை. விளம்பரத்தால் ஆள் சேர்ப்பதில்லை என்பதும் அதன் மரபு. காக்கிற திரையே மறைக்கிற திரையாகவும் ஆகிவிடுகிறது. அதனால்தான் நடுவே நின்று வழிகாட்டுகிற ஒருவர் வேண்டும் என்கிறேன்.

எப்படி வழிகாட்டுவது என்பதும் முக்கியம். 1981இல் அமெரிக்காவில் வெளியான மிகச் சிறிய ஓர் ஆய்வு என் மனத்தை விட்டு அகல்வதே இல்லை. இருபது நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரிடம், கூட்டம் நடக்கிற இடத்தையும் நேரத்தையும் சொல்லி, போகும்படி அறிவுறுத்தினார்கள். மற்றப் பிரிவினர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே ஆலோசகர் சபை உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவைத்தார்; அந்த உறுப்பினர் தாமே வந்து அழைத்துச் செல்வதாகச் சொன்னார்; கூட்டத்துக்கு முந்தைய இரவு மறுபடியும் பேசி நினைவூட்டினார். இரண்டாம் பிரிவில் எல்லோரும் கூட்டத்துக்குப் போனார்கள். முதற்பிரிவில் ஒருவரும் போகவில்லை. இருபது பேரை வைத்து உலகத்துக்கெல்லாம் சட்டம் எழுதிவிட முடியாதுதான். ஆயினும், மருத்துவர் சீட்டில் ஒரு முகவரியை எழுதிக்கொடுத்துவிட்டு, நோயாளி போகவில்லை என்று அறிந்ததும், அவனுக்கு அக்கறையில்லை என்று முடிவுகட்டிவிடுகிற நம் வழக்கத்தை அந்த ஆய்வு நாணச் செய்கிறது. முன்பின் அறியாத அறையின் வாசலில் நின்று, உள்ளே யார் இருப்பார்களோ, தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சித் திரும்பி நடப்பவருக்குக் குறைவது அக்கறையன்று. தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போக ஆள் இல்லை.

ஆகவே அரசுக்கும் ஊராருக்கும் நான் வைக்கிற வேண்டுகோள் பெரிய செலவு பிடிப்பதன்று. ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும், வாரத்தில் சில மாலைகளில், ஒரு மணி நேரத்துக்கு ஓர் அறை கிடைக்க வேண்டும். நூலகத்தின் பின்கட்டோ, பள்ளியின் வகுப்பறையோ, ஊராட்சிக் கட்டடமோ, கோயில் மண்டபமோ, தேவாலயத்து அரங்கமோ, மதரஸாவின் திண்ணையோ, எதுவாயினும் சரி. அந்தச் சபையார் இனாமாகக் கேட்க மாட்டார்கள். சிறு வாடகை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடலாம். அதற்கு மேல் அரசு ஒன்றும் செய்யாதிருப்பது நல்லது. கூட்டத்தை அரசே நடத்தக் கிளம்பினால், முதல் வாரத்தில் திறப்புவிழாவும் பொன்னாடையும் புகைப்படமும் வரும். இரண்டாம் வாரத்தில் வருகைப்பதிவேடு வரும். மூன்றாம் வாரத்தில் ஒருவரும் வர மாட்டார்கள். காவல்துறையினர் அந்தத் தெருப்பக்கம் போகாதிருப்பதே அவர்கள் செய்யக்கூடிய உபகாரம். அரசு செய்ய வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது: ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் உள்ள செவிலியர்களும் ஆலோசகர்களும், அந்த வட்டாரத்துச் சபையில் தொலைபேசியில் அழைத்தால் வந்து பேசக்கூடிய ஆணும் பெண்ணுமாகச் சிலரை, அவர்கள் சம்மதத்தோடு, அறிந்து வைத்திருக்க வேண்டும். 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணில் தமிழில் விசாரிக்கிறவருக்கு, மருத்துவமனை முகவரியோடு பக்கத்து ஊர்க் கூட்டத்தின் கிழமையும் நேரமும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

இத்தகைய காரியம் தமிழ் மண்ணில் வேரூன்றாது என்று சொல்வோருக்கு மஞ்சக்குடியை நினைவூட்டுவேன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அந்தத் துயரத்திலிருந்து 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், எண்பதுகளின் இறுதியிலிருந்து, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் பதினைந்து நாள் சிகிச்சை முகாம்களை அவ்வூர் மக்களின் ஒத்துழைப்போடு நடத்திவந்தது. மருத்துவமனையை நோயாளி தேடிப்போகாமல் கிராமத்துக்கு வைத்தியமே வந்ததும், திரும்பியவர்களை ஊரே கவனித்துக்கொண்டதும் அதன் சிறப்பு. காவிரிப் படுகையின் ஒரு சிற்றூரால் முடிந்தது, தாலுகா அலுவலகமும் நீதிமன்றமும் நான்கைந்து கல்யாண மண்டபங்களும் உள்ள ஊர்களால் முடியாமற்போக நியாயமில்லை. மீட்பு இல்லம் என்ற பெயரில் ஆளைக் கட்டிவைத்து அடித்து, மாதக்கணக்கில் பணம் பிடுங்குகிற இடங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற இடமா என்று கேட்காமல் யாரையும் எங்கும் விட்டுவிடக் கூடாது. வேறு புகலிடம் தெரியாத குடும்பங்கள்தான் அத்தகைய வாசல்களில் போய் நிற்கின்றன.

குடும்பம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ், கணவர்மார் கூட்டத்துக்குள் இருக்கும்போது வெளியே காத்திருந்த மனைவியர்க்கும் ஒரு சபை வேண்டும் என்று உணர்ந்து, 1951இல் அல்-அனான் என்ற ஸ்தாபனத்தைத் தோழியொருத்தியோடு உருவாக்கினார். பிள்ளைகளுக்கான சபையும் சில ஆண்டுகளில் தோன்றிற்று. நம் நாட்டிலும் இவை உண்டு. ஆனால் இவற்றைக் குறித்து நம் பெண்கள் அறிந்திருப்பது மிகச் சொற்பம். "நீ அனுசரித்துப் போனால் அவன் திருந்துவான்" என்று மாமியாரும், "நீ கண்டிப்பாக இருந்தால் திருந்துவான்" என்று தாயும் சொல்ல, இரண்டையும் செய்துபார்த்துக் களைத்து, கடைசியில் எல்லாம் தன் குற்றமே என்று நம்பிவிடுகிற பெண்ணுக்கு, கணவரின் குடியைத் தான் உண்டாக்கவில்லை, தன்னால் அதை அடக்கவும் முடியாது என்று, அதே வீட்டு வாழ்க்கையை வாழ்ந்த இன்னொருத்தி சொல்லக் கேட்பது எத்தகைய ஆறுதல் என்பதை வெளியிலிருந்து அளவிட முடியாது. அடி வாங்குகிறவளுக்கு அந்த ஆறுதல் மட்டும் போதாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணும் சட்டத்தின் பாதுகாப்பும் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கணவர் சம்மதிக்கும்வரை மனைவி காத்திருக்க வேண்டியதில்லை. அவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் தன் சபைக்குப் போகலாம். போய்விட்டு வந்து எதையும் அவரிடம் விவாதிக்கவும் வேண்டாம். வாரந்தோறும் ஒரு மாலையில் அவள் எங்கே போய்வருகிறாள், ஏன் முன்போல் சண்டையிடாமலும் அழாமலும் இருக்கிறாள் என்று ஒரு நாள் அவரே கேட்கலாம், கேட்காமலும் இருந்துவிடலாம். இரண்டில் எது நேர்ந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெளிந்த முகத்தோடு சோறு போட ஒருத்தி இருப்பாள். அவளுக்கும் அந்த அறையின் முகவரியை இந்த வாரத்திலேயே யாராவது சொல்ல வேண்டும்.